வாரண்டி முடிந்த பிறகு ஃபிரிட்ஜ் கெட்டால் என்ன செய்வது: நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு

வாங்கிப் பதினாலாவது மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் ஃப்ரீசரில் வைத்திருந்த நெய்மீன் விரலை வைத்தால் அமுங்குகிற பதத்தில் கிடக்கிறது, ஐஸ் தட்டில் வெறும் வெள்ளம். லைட் எரிகிறது, மோட்டார் சத்தமும் கேட்கிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை. இரண்டு நாள் கழித்து கம்பெனி டெக்னீஷியன் வந்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஜாயிண்டுகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டினார், முள் எழும்பவே இல்லை. "கேஸ் முழுக்கப் போயிட்டு அண்ணாச்சி, உள்காயில்ல லீக்கு. வாரண்டி முடிஞ்சுட்டு, 7,400 ஆகும்" என்றார். கதவில் பெரிய எழுத்தில் 10 வருட வாரண்டி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே என்று கேட்டேன். அது கம்ப்ரசருக்கு என்றார். கம்ப்ரசர் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் பிரச்சினை.

38,000 ரூபாய் கொடுத்து வாங்கின சாதனம். கடைசியில் அந்த 7,400-ஐ நான் கொடுக்கவில்லை. எப்படி என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், இதே நிலைமையில் முதல்முறையாக நிற்கிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்யவேண்டும் என்று எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நான் பாதியைத் தலைகீழாகச் செய்து ஒரு மாசத்தை வீணாக்கினேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுக்கிற வாக்கு. சட்டம் தருகிற உரிமை அதற்கு வெளியேயும் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளில் உள்ள குறைபாடு, சேவையில் உள்ள குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தனித்தனியாகப் பேசுகிறது. வாரண்டி கார்டில் தேதி முடிந்துவிட்டது என்பதால் மட்டும் இந்த மூன்றும் செத்துப்போவதில்லை. ஆனால் அதற்காக, ஐந்து வருஷம் ஓடின வாஷிங்மெஷினின் பெல்ட் அறுந்ததற்குப் புதுமெஷின் கேட்கலாம் என்றும் நினைக்கவேண்டாம். தேய்மானம் தேய்மானம்தான், அதில் கம்பெனி மேல் தப்பில்லை. வாரண்டிக்குள்ளேயே தலைகாட்டின கோளாறு, தயாரிப்பிலேயே இருந்த கோளாறு, சரியாகப் பார்க்காமல் போன சர்வீஸ், கிடைக்காத ஸ்பேர் பார்ட்ஸ், இந்த மாதிரி இடங்களில்தான் நமக்குப் பிடி இருக்கிறது. அதிலும் குறைபாடு இருந்தது என்று காட்டவேண்டிய பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். அதனால் எல்லாம் காகிதத்தில் போய் நிற்கிறது.

சரி, கெட்டுப்போன அன்று என்ன செய்வது?

தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். இது கஷ்டம்தான், வெட்டூர்ணிமடத்திலோ மார்த்தாண்டத்திலோ ஒரு போன் போட்டால் அரைமணி நேரத்தில் வந்து நிற்கிற ஆள் எல்லோருக்கும் ஒருத்தர் இருப்பார். ஆனால் அவர் ஸ்க்ரூவைத் தொட்ட நிமிஷமே, 'வெளியாள் திறந்திருக்கிறார்கள்' என்று ஒரு வரி எழுதிக் கம்பெனி கழன்றுகொள்ளும். முதலில் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் புகார் கொடுங்கள், புகார் எண் வந்த எஸ்எம்எஸ்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பொருளின் பின்பக்கமோ கதவின் உள்பக்கமோ ஒட்டியிருக்கும் மாடல், சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் படமெடுங்கள். கோளாறு தெரிகிற மாதிரி ஒரு நிமிஷ வீடியோ எடுங்கள், நான் உருகிப்போன மீனைக்கூட எடுத்தேன், மனைவி சிரித்தாள், அப்புறம் அதுதான் புகாரோடு போனது.

டெக்னீஷியன் வந்தால் அவரோடு சண்டைபோடாதீர்கள், பாவம் அவர் ஒரு நாளைக்கு பத்து வீடு ஏறி இறங்குகிறவர், கம்பெனியின் முடிவுகளுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவரிடம் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஜாப் ஷீட், அதாவது பார்த்த வேலையை அவர் எழுதித் தருகிற சீட்டு. அதில் எந்தப் பாகம், என்ன கோளாறு என்று எழுதியிருக்கவேண்டும். 'கூலிங் இல்லை' என்று எழுதினால் பிரயோஜனமில்லை, 'உள்காயிலில் கேஸ் கசிவு' என்று இருக்கவேண்டும். இப்போது பல கம்பெனிகள் காகிதம் தருவதில்லை, ஆப்பிலேயே பதிந்து புகாரை முடித்துவிடுகிறார்கள், அப்படியென்றால் அதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பச் சொல்லுங்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வோல்டேஜ் பிரச்சினை, இடி விழுந்தது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் பல்லி ஏறிச் செத்திருக்கிறது என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். ஐப்பசி மாசத்து இடிக்கு இங்கே உண்மையிலேயே போர்டு போவது உண்டு, பல்லியும் உண்மைதான், பொசுங்கின பல்லியை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், எழுதச் சொல்லுங்கள், கருகின இடத்தைக் காட்டச் சொல்லிப் படமெடுங்கள். ஸ்டெபிலைசர் வைத்திருந்தால் அதையும் ஒரு படம்.

அடுத்து, வீட்டுக்குள்ளே தேடுதல் வேட்டை. பில், வாரண்டி கார்டு, பழைய எஸ்எம்எஸ்கள். பில் மங்கிப்போயிருந்தால் பயப்படவேண்டாம், கடைக்காரரிடம் தேதியும் போன் நம்பரும் சொன்னால் கம்ப்யூட்டரில் இருந்து நகல் எடுத்துத் தருவார். கார்டில் பணம் கட்டியிருந்தால் பேங்க் ஸ்டேட்மெண்டும் சாட்சி.

கையில் வந்ததும் வாரண்டி கார்டை வரிவரியாகப் படியுங்கள், பொடியெழுத்தை விடாதீர்கள். பல ஃபிரிட்ஜ்களில் மொத்த சாதனத்துக்கும் 1 வருஷம், கம்ப்ரசருக்கு 10 வருஷம் என்று இருக்கும், வாஷிங்மெஷினில் மோட்டாருக்குத் தனிக் கணக்கு, ஏசியில் போர்டுக்கு ஒன்று கம்ப்ரசருக்கு ஒன்று. ஆகவே 'வாரண்டி முடிஞ்சுட்டு' என்று சொன்னால், எந்தப் பாகத்தின் வாரண்டி என்று திருப்பிக் கேளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: கம்ப்ரசருக்கு 10 வருஷம் என்றால் பெரும்பாலும் அந்தக் கம்ப்ரசர் என்ற இரும்பு உருண்டைக்கு மட்டும்தான். கேஸ் நிரப்ப, கழற்றி மாட்டக் கூலி, வந்துபோகிற கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி என்று சேர்த்தால் இலவசப் பாகத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் பில் வந்து நிற்கும். கார்டில் கூலி உட்பட என்று இருந்தால் அந்த வரியைக் காட்டுங்கள், இல்லையென்றால் அந்தக் காசு நம்முடையதுதான், சண்டைபோட்டுப் பயனில்லை.

தேதி எப்போது தொடங்குகிறது என்றும் பாருங்கள். நம்ம ஊரில் கல்யாணத்துக்குக் கொடுத்த ஏசி, வாஷிங்மெஷின் எல்லாம் புதுவீட்டுப் பால்காய்ப்பு வரைக்கும் அட்டைப்பெட்டியிலேயே ஆறு மாசம் கிடக்கும். 2023 கடைசியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பில் போட்ட நாளுக்குப் பதிலாகப் பொருத்திய நாளில் இருந்து வாரண்டியைக் கணக்கிடும்படி வீட்டுச் சாதனக் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதுதான், சட்டமாக்கவில்லை. ஆனாலும் பொருத்தின அன்றைய ரசீது இருந்தால் பேச்சில் சொல்லிப்பாருங்கள், ஓரிரு மாசத் தாமதத்துக்கு இறங்கிவருகிறவர்கள் உண்டு. பில் மாமனார் பெயரில் இருக்கிறது, நான் வழக்குப் போடலாமா என்றும் கேட்பார்கள். போடலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

என் விஷயத்தில் திருப்பம் இங்கேதான் வந்தது. பழைய எஸ்எம்எஸ்களைத் துழாவினபோது, பத்தாவது மாசத்தில் குளிர்ச்சி குறைவு என்று நான் ஒரு புகார் கொடுத்திருந்தது கிடைத்தது. அன்று வந்தவர் உள்ளே இருக்கும் திருகைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, வெயில்காலம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை நான் மறந்தே போயிருந்தேன். 'உங்கள் புகார் முடிக்கப்பட்டது' என்ற அந்த ஒரு எஸ்எம்எஸ், கோளாறு வாரண்டிக்குள்ளேயே தொடங்கியது, அதைக் கம்பெனி சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்வதற்குப் போதும். ஆகவே வாரண்டி முடிய இரண்டு மாசம் இருக்கும்போதே சாதனத்தை ஒருமுறை முழுக்கக் கவனியுங்கள், சின்னச் சத்தம், சின்னக் கசிவு எதுவானாலும் புகார் பதிந்துவையுங்கள். போனில் திட்டுவதைவிட இது நூறு மடங்கு உதவும்.

இனி எழுத்து வேலை. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில், நகல் கடைக்கு. பெரிய வக்கீல் பாஷை எல்லாம் வேண்டாம். நான் அனுப்பினது ஏறக்குறைய இப்படி:

"இன்ன மாடல், இன்ன சீரியல் நம்பர் உள்ள ஃபிரிட்ஜை இன்ன தேதியில் இன்ன கடையில் 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாரண்டி காலத்துக்குள் இன்ன தேதியில் குளிர்ச்சி குறைவு என்று புகார் கொடுத்தேன், புகார் எண் இது. உங்கள் டெக்னீஷியன் வந்துபோன பிறகும் கோளாறு தீரவில்லை. இன்ன தேதியில் முழுவதுமாக நின்றுவிட்டது. உள்காயிலில் கேஸ் கசிவு என்று உங்கள் ஜாப் ஷீட்டே சொல்கிறது. இது வாரண்டிக்குள் தொடங்கிய கோளாறின் தொடர்ச்சி. பாகம், கேஸ், கூலி எதற்கும் கட்டணம் வாங்காமல் 15 நாளுக்குள் சரிசெய்து தரவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

இவ்வளவுதான். கோபம், சாபம், 'உங்கள் கம்பெனி ஒரு திருட்டுக் கம்பெனி' எதுவும் வேண்டாம், அதை எழுதின முதல் மெயிலுக்கு எனக்கு பதிலே வரவில்லை. என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். தயாரிப்புக் கோளாறு என்று நிரூபிக்க முடியாத நிலையில் இருக்கிறீர்கள் என்றால் பாகத்தின் விலையில் பாதியைத் தள்ளிக்கொடுங்கள் என்றாவது கேளுங்கள், வாரண்டி முடிந்து சில மாசமே ஆகியிருந்தால் பல கம்பெனிகள் இதைச் செய்கின்றன, ஆனால் கேட்காதவருக்குச் செய்யமாட்டார்கள். ஸ்பேர் வருவதில்லை என்று கைவிரித்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, தேய்மானம் கழித்துப் பணம் திருப்பித் தரச் சொல்லுங்கள். மத்திய அரசு 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்று ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் சேர்ந்த கம்பெனிகளின் வாரண்டி விவரம், சர்வீஸ் விவரம் எல்லாம் இருக்கும், மெயில் எழுதும்முன் ஒருமுறை எட்டிப்பாருங்கள்.

பதில் வரவில்லை, அல்லது வழவழா கொழகொழா பதில் வருகிறது என்றால் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் செய்யலாம். பில், ஜாப் ஷீட், மெயில் எல்லாவற்றையும் இணைத்துப் பதிந்தால் அவர்கள் அதைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். இது கோர்ட் இல்லை, உத்தரவு போட அதிகாரம் கிடையாது, ஆனாலும் கஸ்டமர் கேரில் பேசுகிற பையனைத் தாண்டி மேலே ஒருத்தர் மேசைக்கு நம் புகார் போகும். என் புகார் பதிந்து பன்னிரண்டாவது நாள் கம்பெனியில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டார், குரலில் அப்படியொரு மரியாதை. காயிலும் கேஸும் இலவசம், வந்துபோகிற கட்டணம் மட்டும் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். கொள்கை பேசி அதற்கும் நின்றிருக்கலாம்தான், ஆனால் வீட்டில் மாவு புளித்துக்கொண்டிருந்தது.

அங்கேயும் முடியாதவர்களுக்கு நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கேஸ் என்றதும் வக்கீல், ஃபீஸ், பத்து வருஷம் என்று பயந்துவிடுவோம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் ஒரு பைசாவும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டில் இருந்தே மனுவைப் பதியவும் செய்யலாம். மனுவில் நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, என்ன கேட்கிறீர்கள் என்று சொல்லி, பிரமாணப் பத்திரமும் ஆவண நகல்களும் சேர்க்கவேண்டும். கம்பெனியையும் கடையையும் இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருத்தர் மற்றவரைக் கைகாட்டுவார்.

கவனிக்கவேண்டியது காலக்கெடு. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் மனு போடவேண்டும். மெயிலுக்கு மேல் மெயில் போட்டுக்கொண்டிருப்பதால் அந்தக் கணக்கு நீளாது. தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரவேண்டாம். நோட்டீஸ் கிடைத்த எதிர்தரப்பு 30 நாளில் பதில் போடவேண்டும், கூடுதலாக 15 நாள் கிடைக்கும், அதற்குமேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-ல் சொல்லிவிட்டது. பரிசோதனை தேவையில்லாத வழக்கை 3 மாசத்திலும், ஆய்வகப் பரிசோதனை வேண்டிய வழக்கை 5 மாசத்திலும் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வது அப்படி, நிஜத்தில் வாய்தாக்கள் உண்டு, அதற்கு மனதைத் தயார்பண்ணிக்கொள்ளுங்கள். குறைபாடு கண்ணுக்குத் தெரியாதது என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்தால் முடியும். அதனால்தான் கெட்ட சாதனத்தை ஆக்கர் கடைக்கு, பழைய இரும்பு வாங்குகிறவருக்கு, போட்டுவிடாதீர்கள் என்கிறேன், இடைஞ்சலாக இருந்தாலும் ஒரு மூலையில் கிடக்கட்டும். ஜெயித்தால் சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, இழப்பீடு கொடுக்கவோ உத்தரவு வரும். உத்தரவை மதிக்காதவர்களுக்குச் சிறையும் அபராதமும் உண்டு. தோற்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு.

நம்ம மாவட்டத்துக்கே உரிய சில சந்தேகங்கள் உண்டு. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் பாதிப்பேர் ஓணம் ஆஃபரில் திருவனந்தபுரம் போய்த்தான் டிவியும் ஏசியும் வாங்குகிறோம். கெட்டுப்போனால் கேரளாவுக்குப் போய் கேஸ் நடத்தவேண்டுமா? வேண்டாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலைசெய்யும் ஊரிலேயே மனு போடலாம், ஆகவே கடை திருவனந்தபுரம் தம்பானூரில் இருந்தாலும் வழக்கு நாகர்கோவிலில் நடக்கும். ஆன்லைனில் வாங்கியதற்கும் இதே கதைதான். வளைகுடாவில் இருந்து மச்சான் கொண்டுவந்த டிவி என்றால் நிலைமை வேறு, அந்த வாரண்டி பெரும்பாலும் அந்த நாட்டோடு முடிந்துவிடும், இங்கே காசு கொடுத்துப் பழுதுபார்ப்பதுதான் வழி.

டீக்கடையில் வைத்த ஃபிரிட்ஜ், கன்னியாகுமரியில் ரூம் வாடகைக்கு விடுகிறவரின் ஏசி? லாபத்துக்கான வணிகப் பயன்பாடு என்றால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்தரப்பு வாதாடும். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியது என்றால் சட்டம் உங்களையும் நுகர்வோராக ஏற்கிறது. ஒற்றை ஆளாக டீ ஆற்றுகிறவருக்கு வழி உண்டு, இருபது ரூம் லாட்ஜுக்குக் கஷ்டம்.

சாதனம் வெடித்தோ தீப்பிடித்தோ யாருக்காவது காயம், வீட்டில் சேதம் என்றால் அது வாரண்டிப் பேச்சே இல்லை, அது தயாரிப்புப் பொறுப்பு என்று தனி அத்தியாயம். மிச்சத்தைக் கழுவித் துடைக்காமல் படமெடுத்து வையுங்கள், தீயணைப்புத் துறை அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் சேருங்கள், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வக்கீலைப் பாருங்கள்.

அடுத்தமுறை வாங்கும்போது செய்யவேண்டியது கொஞ்சம்தான். பில் இல்லாமல் 'எஸ்டிமேட்' சீட்டில் வாங்காதீர்கள், ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று ஆசைப்பட்டால் பிறகு கடைக்காரர் உங்களைத் தெரியாது என்பார். பில் தர மறுப்பதே சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. எக்ஸ்டெண்டட் வாரண்டி தலையில் கட்டினால், கொடுப்பது கம்பெனியா, வேறு ஏதோ மூன்றாவது நிறுவனமா, எந்தெந்தப் பாகம் சேராது என்று அங்கேயே கேளுங்கள், கடைப்பையனுக்கே தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் ஏசியின் வெளியூனிட் காயில் அரித்துப்போவது இங்கே சர்வசாதாரணம், 'அரிப்பு வாரண்டியில் சேராது' என்று பல கார்டுகளில் ஏற்கெனவே அச்சடித்திருப்பார்கள். பொருட்கள் விற்பனைச் சட்டம் 1930-ல் ஒரு பிரிவு, எதற்காக வாங்குகிறோம் என்று விற்கிறவரிடம் சொல்லி அவர் பேச்சை நம்பி வாங்கினால், பொருள் அந்த உபயோகத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்கிறது. அதனால் முட்டத்தில் இருக்கும் என் மைனி ஏசி வாங்கப் போனபோது கடைக்காரருக்கு முதல்நாளே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடவைத்தேன்: 'எங்க வீடு கடல்ல இருந்து 200 மீட்டர், உப்புக்காத்துக்குத் தாங்குற காயில் உள்ளது வேணும், எது நல்லது?' அவர் ஒரு மாடலின் படத்தை அனுப்பி, 'இது தாங்கும் அக்கா, கோட்டிங் இருக்கு' என்று பதில் போட்டார். ஏசி இப்போது மூன்றாவது வருஷமாக ஓடுகிறது, மெசேஜை மைனி இன்னும் அழிக்கவில்லை.